அரை மணித் தூக்கம்

சரவணம்பட்டி
9 பிப்ரவரி 2025

வழக்கறிஞர் கிறிஸ்டோ ஞானாபரணம் அவர்களுக்கு,

உன் அக்கா ஜெனிதா எழுதுவது. நலமா என்று கேட்கிற வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உன் எண்ணை நான் போனில் தடுத்து வைத்திருப்பது இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். அதை எடுத்துவிட மனசு வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. பேசக்கூடாத நேரத்தில் எழுதுவதுதானே நம் வீட்டுப் பழக்கம்.

மதுக்கரை வீட்டை நினைத்துக்கொண்டேன். அப்பா சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவார். விடுமுறை நாள் முழுக்க நாம் இருவரும் வாயைத் திறக்காமல் காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதிக்கொள்வோம். 'பசிக்குது.' 'தண்ணி குடி.' 'என் பென்சிலை எடுத்தது நீதான்.' சண்டைகூட சீட்டில்தான். அப்பா கண் விழித்ததை யார் முதலில் பார்க்கிறோமோ அவர் 'அப்பா எழுந்தாச்சு' என்று கடைசிச் சீட்டை எழுதி நீட்டுவோம். அதற்குப் பிறகு எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். இப்போது நாற்பது வயதில் மறுபடி சீட்டு எழுதுகிறேன். தாள் மட்டும் கொஞ்சம் பெரியது.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை வெண்துயில் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்களுடைய மெத்தை, தலையணை தவிர வேறு கம்பெனிப் பொருள் எதுவும் என் கடையில் இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஏரியா மேனேஜர் ஆதர்ஷ் ஜனவரியில் சொல்லாமல் வந்து சோதனை போட்டான். அலமாரியில் ஆறு இலவம்பஞ்சுத் தலையணை இருந்தது. உக்கடத்தில் தொழில் செய்யும் ஜாவித் தைத்தது. படம் எடுத்துக்கொண்டான். "மேடம், இது ஒன்பதாம் பிரிவுங்க. பார்த்துட்டு பார்க்காத மாதிரி போக முடியாதுங்க," என்றான். பாவம், என் முகத்தைவிட அவன் முகம்தான் வாடியிருந்தது.

அறுபது நாளுக்குள் அவர்கள் ஒத்துக்கொள்ளும்படி விளக்கம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கடை ரத்து. ரத்தான பிறகு இரண்டு வருடத்துக்கு, இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றுக்குள், நான் யாருடைய மெத்தையும் விற்கக்கூடாது. அப்படியென்றால் கோயம்புத்தூரில் எங்கேயும் கூடாது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும்.

போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "படிக்காம யாருக்கா கையெழுத்துப் போடுவாங்க?" நான் போட்டேன். ஏன் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் உங்கள் ஆபீஸ் பெயர் இருந்தது. என் தம்பி வேலை பார்க்கிற இடம், அவன் கண்ணில் படாமல் வந்திருக்காது என்று முப்பத்து நாலு பக்கத்தையும் புரட்டாமல் போட்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் படித்திருப்பேன்.

டெல்லியில் போட்டி ஆணையம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரே கம்பெனிப் பொருளைத்தான் விற்க வேண்டும் என்று கட்டிப்போட்டால் அங்கே முறையிடலாம் என்று சர்ச்சில் சகாயம் அண்ணன் சொல்கிறார். முறையிடப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒன்பதாம் பிரிவை எழுதியது நீயா?

ஜெனிதா

புது டெல்லி
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. உறைமேல் உன் எழுத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சைகையில் சொன்னேன்.

இந்தப் பதிலை நான் எழுதக்கூடாது. வெண்துயில் தன் கடைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தங்கள் போட்டிச் சட்டத்துக்கு ஒத்து வருகின்றனவா என்று பார்த்து அறிக்கை தரும்படி எங்கள் ஆபீஸைக் கேட்டிருக்கிறது. அந்தக் காகிதக் கட்டு என் மேசையில்தான் இருக்கிறது. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆகவே கம்பெனிக் காகிதத்தில் இருப்பது எதையும் சொல்ல மாட்டேன். சட்டப் புத்தகத்தைத் திறந்து யாரும் படித்துக்கொள்ளக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கம்பெனியின் பொருளை மட்டுமே விற்க வேண்டும் என்று கடைக்காரரைக் கட்டுப்படுத்துவது மட்டுமே தப்பாகிவிடாது. அதனால் சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க கெடுதல் வருகிறதா என்றுதான் ஆணையம் பார்க்கும். மற்றவர்கள் உள்ளே வர வழி அடைபடுகிறதா, வாங்குகிறவருக்கு நன்மையா நஷ்டமா என்று எடை போடும். உன் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஐந்து மெத்தைக் கடை இருக்கிறது. வெண்துயில் பெரிய கம்பெனியும் இல்லை. ஜாவித் உன் கடையை நம்பியும் இல்லை, கல்லூரி விடுதிகளுக்கெல்லாம் அவர்தான் கொடுக்கிறார் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். நீ முறையிட்டால், மேலே விசாரிக்க எதுவும் இல்லை என்று மூடிவிட வாய்ப்பு அதிகம். மனசுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல ஆசைதான். பொய்யாகிவிடும்.

தலையணைகளை எடுத்துவிட்டு ஒரு வருத்தக் கடிதம் கொடுத்துப் பார். ஒன்றையும் விற்கவில்லை என்று போனில் சொன்னாயே, பிறகு எதற்காக வைத்திருந்தாய் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு: ஓர் ஒப்பந்தத்தை ஒரே ஆள் எழுதுவதில்லை. பல கை படுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிறிஸ்டோ

சரவணம்பட்டி
25 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

பல கை படுகிறதாம். கல்யாண வீட்டுச் சாம்பார்கூட இவ்வளவு சமத்காரமாக யார் வைத்தது என்று சொல்லாமல் இருக்காது. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுத மூன்று பக்கம் செலவழித்திருக்கிறாய்.

சந்தைக்கு வலிக்கிறதா என்று சட்டம் கேட்கும், ஜெனிதாவுக்கு வலிக்கிறதா என்று கேட்காது. அவ்வளவுதானே? புரிந்துகொண்டேன். அதற்காக உன்மேல் கோபமில்லை. என் கோபத்துக்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

தலையணை எதற்கு என்று கேட்டாய். என் கடைக்கு நீ திறப்பு விழாவுக்குப் பிறகு வந்ததில்லை, அதனால் தெரியாது. இங்கே யாரும் கையால் அமுக்கிப் பார்த்து மெத்தை வாங்க முடியாது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை திரையை இழுத்துவிடுவேன். வந்தவர் படுத்து அரை மணி தூங்க வேண்டும். அந்த நேரம் கடையில் யாரும் பேசக்கூடாது. நானும் கடையில் வேலை பார்க்கும் பிரவீனாவும் சைகைதான். எனக்கு அதில் பயிற்சி உண்டே.

முழித்ததும் ஒரு நோட்டை நீட்டுவேன். பெயர், எந்த மெத்தை, எந்தத் தலையணை, என்ன கனவு என்று நாலு கட்டம். அப்பா ஆலையில் சூளைக்குப் பக்கத்தில் மணிக்கொரு தரம் நோட்டு எழுதுவாரே, அதே மாதிரி கோடு போட்டது. அன்னூரிலிருந்து பாலுசாமி என்று ஒரு விவசாயி மகன் கல்யாணத்துக்குக் கட்டில் மெத்தை பார்க்க வந்தார். "ஏனுங்க அம்மணி, பட்டப்பகல்ல படுத்தா ஊட்டுல சிரிப்பாங்க," என்றார். படுத்தவர் இரண்டு மணி நேரம் எழவில்லை. எழுந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ற தோப்புல தென்னையெல்லாம் படுத்துத் தூங்குதுங்க. ஏறாமயே காய் பறிச்சுப்போட்டேன். ஒரு மரத்தைக்கூட எழுப்பலீங்க," என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு மெத்தை வாங்கிப் போனார்.

தலையணைக் கட்டத்தில் 'வெ' என்றால் வெண்துயில், 'ஜா' என்றால் ஜாவித். நான் எதையும் மறைக்கவில்லை. விளக்கம் கேட்டார்கள் அல்லவா, அந்த நோட்டையே முழுக்கப் பிரதி எடுத்து நேற்று கம்பெனிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஜாவித் தலையணை எதற்கு வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும்.

ஜெனிதா

புது டெல்லி
10 மார்ச் 2025

அக்கா,

தனக்கு எதிரான ஆதாரத்தைத் தானே கோடு போட்டு எழுதி, பிரதி எடுத்து, கூரியர் செலவும் போட்டு எதிர்த்தரப்புக்கு அனுப்பும் ஒரே ஆள் இந்த நாட்டில் நீதான். ஒவ்வொரு 'ஜா'வும் ஒவ்வொரு மீறல். படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆம், படித்தேன். கம்பெனி அதை எங்களுக்குத்தான் அனுப்பியது. மீறல்களைக் குறித்துக்கொண்டு போகலாம் என்றுதான் பென்சிலோடு உட்கார்ந்தேன். பத்துப் பக்கம் தாண்டியதும் பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை.

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடைய கனவில் அவள் ஆபீஸ் லிஃப்டுக்குள் நொய்யல் ஓடுகிறது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் குடத்தோடு காத்திருக்கிறார்கள். நிச்சயமான ஜோடி ஒன்று பக்கத்துப் பக்கத்து மெத்தையில் தூங்கியிருக்கிறது. அவன் கனவில் அவள் வந்தாள், அவள் கனவில் அவள் படித்த பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி வந்தது. சாஜிதா பேகம் என்ற நர்ஸ் ஒரே வரி எழுதியிருக்கிறார்: 'கனவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.' அந்த வரியில் ரொம்ப நேரம் நின்றேன். டெல்லியில் இப்போது வெயில் இன்னும் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி ஆடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் முழுக்க உன் கடை மாதிரித் திரை இழுத்துவிட்டதாகத் தோன்றியது.

பிறகு 2023 ஜூலை வந்தது. 'பெயர்: ஞா. மெத்தை: ஜன்னல் ஓரம். தலையணை: வெ. கனவு: தூக்கம் வரவில்லை.' மறுநாள் அதே. மறுநாளும் அதே. எட்டாம் நாள் தலையணைக் கட்டத்தில் முதல்முறையாக 'ஜா' வருகிறது. 'கனவு இல்லை. நல்ல தூக்கம்.' அந்த எழுத்து யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? 'ந'வின் காலை அவ்வளவு கீழே இழுக்கிறவர் வேறு யார்?

அப்பா தினமும் உன் கடையில் தூங்கினார் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை.

அக்டோபர் பதினான்காம் தேதிப் பக்கத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்காக ஒரு முறை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். 'கனவு: கிறிஸ்டோ வந்திருந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்து பேசியிருக்கலாம். ஞா.'



கிறிஸ்டோ

சரவணம்பட்டி
18 மார்ச் 2025

கிறிஸ்டோ,

அந்தப் பக்கத்தை நான் அன்றைக்கே படித்தேன். உனக்கு அனுப்ப வேண்டும் என்று படம்கூட எடுத்தேன். அனுப்பவில்லை. அப்பா கனவில் வந்தவனுக்கு நேரில் வரத் தெரியவில்லை என்று வீம்பு. அந்த வீம்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன், ஆனால் முழுசாக இல்லை.

நீ எப்போது போன் செய்தாலும் 'அப்பா எப்படித் தூங்கறார்?' என்று கேட்பாய். நான் 'நல்லாத் தூங்கறார்' என்பேன். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருந்தது என்று நீ கேட்டதில்லை. அம்மா போன பிறகு அப்பாவை இங்கே, கடைக்கு மேலே இருக்கும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். முப்பது வருடம் பகலில் தூங்கின உடம்பு. இரவில் தூக்கம் வராது, பகலில் படுத்தால் வேலைக்குப் போக வேண்டும் என்று துடித்து எழுந்து உட்காருவார். ஒரு மத்தியானம் கீழே இறங்கி வந்து, திரை இழுத்த கடையில் எல்லோரும் தூங்குவதைப் பார்த்தார். "நானும் படுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

வெண்துயில் தலையணை அவருக்கு ஒத்துவரவில்லை. "தலை மெதக்குது கண்ணு, கீழ ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குது," என்றார். ஒரு வாரம் பார்த்தேன். ஜாவித்திடம் சொன்னேன். அவர் அப்பாவின் கழுத்தை ஒரு தையல்காரர் மாதிரி அளந்துகொண்டு போய் மறுநாளே கொண்டு வந்தார். "அக்கா, இது கடைக்கில்லீங்க, அப்பாவுக்கு. வெச்சுக்கோங்க," என்றார். அன்றைக்கு அப்பா மூன்று மணி நேரம் தூங்கினார். பிரவீனா ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள், பயம் அவளுக்கு.

அதைப் பார்த்தவர்கள் அந்தத் தலையணையைக் கேட்டார்கள். இன்னும் ஐந்து வாங்கி வைத்தேன். ஒன்றைக்கூட விற்கவில்லை. கேட்டவர்களுக்கு ஜாவித்தின் நம்பரைக் கொடுத்தேன். இதுதான் என் குற்றம். அப்பா 2024 ஜனவரியில் இறந்த பிறகும் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ அடக்கத்துக்கு வந்தாய், இரண்டாம் நாள் வழக்கு இருக்கிறதென்று விமானம் ஏறினாய். தலையணை இங்கேயே இருந்தது.

இனி எனக்கு இருப்பது பதினேழு நாள். முறையீட்டுக்குச் சகாயம் அண்ணன் காகிதம் தயார் செய்துவிட்டார். மூடிவிடுவார்கள் என்றால் மூடட்டும்.

முதல் கடிதத்தில் கேட்டதை மறுபடி கேட்கிறேன். சீட்டு மாதிரி சின்னதாகப் பதில் சொல்.

ஜெனிதா

புது டெல்லி
27 மார்ச் 2025

அக்கா,

ஆமாம்.

சின்னதாகச் சொல்லிவிட்டேன். இனி பெரிதாகச் சொல்கிறேன், என்னைச் சொல்ல விடு.

ஒன்பதாம் பிரிவு எல்லாக் கம்பெனிகளும் வைத்துக்கொள்வதுதான். வேறு கம்பெனிப் பொருளை விற்கக்கூடாது, விற்பனைக்காகக் காட்டி வைக்கக்கூடாது. அவ்வளவுதான் இருந்தது. 2021இல் அந்த வரைவைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் புதுசு, எப்படியாவது கண்ணில் பட வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் விற்காமல் சும்மா பயன்படுத்தினால் என்ன செய்வது என்று யோசித்தேன். 'பயன்படுத்தவும் கூடாது' என்று பொருள் வரும்படி ஒரு சொல்லைச் சேர்த்தேன். கம்பெனி கேட்கவில்லை, சீனியர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். சீனியர் படித்துவிட்டு, நல்ல கண் உனக்கு என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். இன்றைக்கு ஒரு சொல் போட்டேன், பாராட்டு கிடைத்தது என்றேன். அவர் என்ன சொல் என்று கேட்கவில்லை. "நல்லதுங்க சாமி," என்றார். எப்போதும் வாங்க போங்க போடாதவர் அன்றைக்கு எனக்கு மரியாதை கொடுத்தார். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தச் சொல் அப்பாவின் தலையணைமேல் போய் விழும் என்று நான் நினைக்கவில்லை. யார் தலைமேலாவது விழும் என்றுகூட நினைக்கவில்லை. அதுதான் தப்பு.

போன வாரம் சீனியர் அறைக்குப் போய், அந்தக் கடைக்காரி என் அக்கா என்றும், அந்தச் சொல் என்னுடையது என்றும், நாம் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டேன். நோட்டு வந்த அன்றே, ஏன் அதற்கு முன்பே, சொல்லியிருக்க வேண்டும் என்றார். சரிதான். அந்தக் காகிதக் கட்டை என்னிடமிருந்து வாங்கி ஹாரிகா என்ற சக வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டார். என் குறிப்புகளை அவருக்குக் காட்டவில்லை. முழுசாக அவரே முதலிலிருந்து பார்ப்பார். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. இனி ஒரு வருடத்துக்கு எனக்கு முக்கியமான வழக்கு எதுவும் வராது. அது பரவாயில்லை.

கடை போய்விட்டால் அது என்னால் போனது. உனக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், ரொம்பச் சின்னதாக இருந்தது, அடித்துவிட்டேன்.

கிறிஸ்டோ

சரவணம்பட்டி
8 ஏப்ரல் 2025

கிறிஸ்டோ,

உன் கடிதம் வந்த அன்று கடைக்கு விடுமுறை விட்டேன். பிரவீனா காய்ச்சலா என்று கேட்டாள். கோபம் என்றேன். "கோவத்துக்கெல்லாம் லீவு உண்டுங்களாக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதனால் அழுகையும் வந்துவிட்டது.

வேறு யாராவது எழுதியிருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். நீ எழுதினாய் என்பதுதான் பொறுக்கவில்லை. நீயே வந்து ஒத்துக்கொண்டாய் என்பதையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனிக் கடிதம் நாலாம் தேதி, கடைசி நாளன்று வந்தது. ஆதர்ஷே எடுத்து வந்தான். நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறார்கள். வேறு கம்பெனிப் பொருளை விற்கக்கூடாது என்பது அப்படியே இருக்கும். ஆனால் பயன்படுத்தக்கூடாது என்பதும், கடை போன பிறகு இரண்டு வருடம் மெத்தை விற்கக்கூடாது என்பதும் தேவைக்கு மிஞ்சிய கட்டுப்பாடு, போட்டிச் சட்டத்தின் முன்னால் அவற்றுக்கு நியாயம் சொல்வது கஷ்டம் என்று அவர்களுக்கு ஆலோசனை கிடைத்திருக்கிறதாம். இரண்டையும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வரியும் இருந்தது: ஜாவித் தலையணையில் தூங்கினவர்கள்தான் வெண்துயில் மெத்தையை அதிகம் வாங்கியிருக்கிறார்கள் என்று அந்த நோட்டையும் விற்பனைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் தெரிகிறதாம். உன் ஹாரிகா என் கனவுகளை எல்லாம் ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு தலையணை அனுப்பலாமா என்று கேட்கத் தோன்றியது. வேண்டாம், அதற்கும் ஏதாவது பிரிவு இருக்கும்.

ஆதர்ஷ் போகாமல் நின்றான். "மேடம், ஒரு அரை மணி நேரம் படுத்துப் பார்க்கட்டுங்களா?" என்றான். படுத்தான். எழுந்து நோட்டில் அவன் எழுதியதை உனக்குச் சொல்ல மாட்டேன், அது அவன் கனவு.

முறையீட்டுக் காகிதத்தைச் சகாயம் அண்ணனிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.

புது ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன், மூன்று நாள் ஆனது. இருபத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பதினொரு வரிக்கு ஓடுகிறது. நடுவில் மூச்சு விட இடமில்லை. அங்கே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் போட மாட்டேன். அதை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியவன் நீதான், தபாலில் இல்லை.

உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. திறந்துவிட்டேன் என்று பொய் எழுத விருப்பமில்லை.

ஜெனிதா

கடை நோட்டு
19 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

பெயர்: கிறிஸ்டோ.
மெத்தை: ஜன்னல் ஓரம்.
தலையணை: ஜா.
கனவு:

கட்டம் போதாது அக்கா, பக்கத்துப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு ஈஸ்டர் என்பதால் நீ சர்ச்சில் பூ கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று பிரவீனா சொன்னாள். "உங்க மூஞ்சியப் பார்த்தாலே தூங்கி நாளாச்சுன்னு தெரியுதுங்கண்ணா. படுங்க, பொறவு பேசிக்கலாம்," என்று திரையை இழுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா எழுதியது அப்போதுதான் நினைவு வந்தது. கீழே வைத்துவிட்டு, சத்தம் வரும்படியே நடந்து போய்ப் படுத்தேன்.

தலையை வைத்ததும் உள்ளே தாள் சரசரத்தது. உறைக்குள் கை விட்டுப் பார்த்தேன். என் மூன்று கடிதமும் இருந்தது, நாலாக மடித்து. மூன்றாவது கடிதத்தின் மடிப்பு கிழியப் போகிற அளவுக்கு நைந்திருந்தது. திரும்ப உள்ளே வைத்து அதன்மேலேயே தூங்கினேன்.

கனவில் இதே ஜன்னல். அப்பா தூங்குகிறார். புருவத்தில் சிமெண்ட் தூசு வெள்ளையாக இருக்கிறது. நீயும் நானும் அவர் காலடியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறோம். நீ எழுதுவதை நான் படிக்கவில்லை, நான் எழுதுவதை நீ படிக்கவில்லை, எழுதி எழுதிக் கீழே போடுகிறோம். ஜாவித் வந்து அந்தச் சீட்டுகளையெல்லாம் வாரி ஒரு தலையணை உறைக்குள் அடைக்கிறார். உறை நிரம்பிக்கொண்டே போகிறது. அப்பாவின் இமை அசைகிறது. நான் பார்த்துவிட்டேன். நீயும் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசிச் சீட்டை நீ எழுதட்டும் என்று நானும், நான் எழுதட்டும் என்று நீயும் பென்சிலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டே காத்துக்கொண்டிருக்கிறார்.

பிரவீனா தோளைத் தொட்டு எழுப்பினாள். நாலரை மணி.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து வந்தால் இருபத்தோராம் பக்கத்தைப் பார்க்கலாம். வர மனமில்லையென்றால் பரவாயில்லை. இந்தத் தடவை திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் வந்திருக்கிறேன். நாளைக்கும் இங்கே உட்காருவேன்.

கிறிஸ்டோ

(காலண்டரிலிருந்து கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில். பிரவீனா டீக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.)

அப்பா எழுந்தாச்சு.